புரதத்தூளும் பொரிகடலையும்

தமிழ்ச் சிறப்பு வகுப்பு மாணவர் இம்மலருக்கு எழுதும் கட்டுரை ஒரு புலவரையோ ஒரு நூலையோ பற்றியதாய் இருத்தலே வழக்கம். யானோ ஒரு டப்பாவைப் பற்றி எழுதப் புகுந்துள்ளேன். ஆசிரியர்களும் தோழர்களும் பொறுத்தருள்வாராக. அந்த டப்பா எங்கள் வீட்டிற் புகுந்த வரலாற்றைக் கேட்பின், இக்கட்டுரை எழுந்த காரணம் விளங்கும்.

ஆண்டிபட்டியை அடுத்த சக்கம்பட்டியில் என் தந்தையார் கைத்தறி நெய்பவர். என் தம்பிக்குப் பதினேழு வயது. சென்ற கோடை விடுமுறையில் யான் வீடு சென்றபோது, தறிக்குழிக்கு மேலுள்ள மாடத்தில் கரிய பெரிய டப்பா ஒன்று வீற்றிருந்தது. மூடிமீது தசை முறுக்கிய ஓர் ஆடவன் படம். தம்பி தான் புதிதாய்ச் சேர்ந்த உடற்பயிற்சிக்கூடத்துத் தோழர் சொற்கேட்டு, கடையொன்றில் வேலைசெய்து ஈட்டிய பணத்தில் 2,800 ரூபாய் கொடுத்து அதனை வாங்கியிருந்தான். உள்ளே ஒரு கிலோ புரதத்தூள். தந்தையார் ஒன்றும் சொல்லவில்லை. சில நாள் அவர் பேசாதிருத்தலே பேச்சாகும். அம்மாதான் என்னைப் பார்த்து, “இது மருந்தாப்பா, சாப்பாடா?” என்று கேட்டார்கள். கல்லூரியிற் பயில்பவன் என்ற பெயர் ஒன்றிருப்பதால் விடை கூறும் கடமை என்மேல் விழுந்தது. அன்று விடை கூற இயலவில்லை. நூலகத்திலும் விலங்கியல், வேதியியல் ஆசிரியர்களிடத்தும் கேட்டறிந்தவற்றையே ஈண்டு எழுதுகின்றேன்.

முதற்கண் சொல்லைப் பார்ப்போம். தமிழ் மாணவனுக்கு அஃது இயல்பு. 1838-இல் ஹாலந்து நாட்டு வேதியியலார் முல்டர் என்பார், சுவீடன் நாட்டுப் பெர்சீலியசு கூறிய யோசனையை ஏற்று, ‘புரோட்டீன்’ என்ற பெயரை வழங்கினார். முதன்மையானது என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லினின்று அது பிறந்தது. அதன் ஒலியைத் தழுவியே ‘புரதம்’ என்று நாம் வழங்குகிறோம். பெயரிலேயே முதன்மை குடியேறிவிட்டமையால், மாவுப்பொருளினும் கொழுப்பினும் இதுவே உயர்ந்தது என்னும் மயக்கம் மக்களுக்கு எளிதில் உண்டாயிற்று என்பது என் கருத்து. உண்மையில் புரதம் என்பது அமினோ அமிலங்கள் என்னும் சிறு கூறுகள் மணிபோற் கோவைப்பட்டது. இருபது வகை மணிகளுள் ஒன்பதை நம் உடல் தானே ஆக்கிக்கொள்ள மாட்டாது. உணவினின்றே பெறல் வேண்டும். தசை, தோல், குருதி, செரிமான நீர், நோயை எதிர்க்கும் பொருள்கள் யாவும் இம்மணிகளாலாயவை.

இனி, டப்பாவில் உள்ளது யாது? பால் திரிந்துபோனால் வீட்டுப் பெண்டிர் திரளையை எடுத்துக்கொண்டு தெளிந்த நீரைக் கொட்டிவிடுவர். அந்நீரில் உள்ளதே விலையுயர்ந்த இத்தூளின் பெரும்பகுதி. பாலின் புரதத்தில் 100க்கு 80 பங்கு திரளையோடு சேரும்; எஞ்சிய 20 பங்கு அத்தெளிநீரிற் கரைந்து நிற்கும். மேலை நாடுகளிற் பாற்கட்டி செய்யும் ஆலைகள் ஒருகாலத்தில் இந்நீரை ஆற்றிலும் வயலிலும் கொட்டின, பன்றிகட்கும் ஊற்றின. மெல்லிய சவ்வுகளால் வடிகட்டும் முறை 1970ஆம் ஆண்டுகளில் ஆலைகளிற் பரவிய பின்னர், கழிவு பண்டமாயிற்று. வடித்துச் செறிவாக்கி, வெப்பக்காற்றில் துளிதுளியாய்த் தெளித்து உலர்த்தினால் தூள் கிடைக்கும். ஆகவே அம்மாவின் வினாவுக்கு முதல் விடை, இது மருந்தன்று. பாலின் ஒரு கூறு. சோயா, பட்டாணி முதலியவற்றினின்று எடுத்த தூள்களும் உண்டு.

ஒருவனுக்கு நாளொன்றுக்கு எவ்வளவு புரதம் வேண்டும்? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020-இல் வெளியிட்ட அளவுப்படி, உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 0.83 கிராம். தம்பியின் எடை 60 கிலோ. அவனுக்கு ஏறத்தாழ 50 கிராம். சோற்றையே பெரிதும் நம்பி உண்பார்க்குக் கிலோவுக்கு ஒரு கிராம் எனக் கொள்ளுதல் தகும்; தானியப் புரதம் தரத்திற் சற்றுக் குறைந்ததாதலின் என்க. கடும் பயிற்சி செய்வார்க்கு 1.2 முதல் 2 கிராம் வரை வேண்டும் என்பர். மிஞ்சியதை உடல் நெல்லைப்போற் குதிரில் இட்டு வைப்பதில்லை. அதிலுள்ள நைட்ரசன் யூரியாவாகிச் சிறுநீரகத்தின் வழியே வெளியேறும். எஞ்சியது எரிந்துபோம், அன்றிக் கொழுப்பாகும். தசையை வளர்ப்பது உழைப்பு. புரதம் அதற்குச் செங்கல் கொண்டுவந்து தருவதே. கொத்தன் இல்லாத இடத்தில் செங்கல்லைக் குவித்து என்ன பயன்?

புரதத்தின் கதையில் நம் நாட்டுக்கு உரிய இடம் பெரிது என்பதை இதனைப் படிக்கப் புகுந்த பின்னரே அறிந்தேன். நீலகிரியில் குன்னூரில் மெக்காரிசன் என்னும் பிரித்தானிய மருத்துவர் 1918 முதல் உணவு ஆராய்ச்சி நடத்தினார். இந்தியாவின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவை எலிக்கூட்டங்களுக்குத் தனித்தனியே ஊட்டி வளர்த்துப் பார்த்தார். முழுக்கோதுமை, பால், பருப்பு, கீரை கொண்ட சீக்கியர் உணவை உண்ட எலிகள் கொழுகொழுவென வளர்ந்தன. சென்னை மாகாணத்துத் தீட்டிய அரிசியுணவை உண்டவை எல்லாவற்றினும் கடைப்பட்டன. (தானியேல் ஆகமத்தில், அரசன் உணவை ஒதுக்கிப் பருப்பையும் மரக்கறியையும் உண்ட இளைஞரைப் பத்து நாள் சோதித்துப் பார்த்த செய்தியை ஞாயிறு பள்ளியிற் படித்தவர்க்கு, இவ்வாராய்ச்சி முறை புதிதாய்த் தோன்றாது.) அவருக்குப்பின் வந்த அய்க்ராய்டு, 1937-இல் இந்திய உணவுப்பொருள்களின் சத்து அளவுகளை அட்டவணையாக்கி வெளியிட்டார். அக்குன்னூர்க் கூடமே பின்னர் ஐதராபாத்துக்குப் பெயர்ந்து, மேலே கூறிய தேசிய நிறுவனமாயிற்று.

இது நிற்க. புரதப் பஞ்சமே உலகின் தலையாய குறை என்னும் கூக்குரல் இரண்டாம் உலகப் போருக்குப் பின் எழுந்தது. ஆப்பிரிக்காவில் பொற்கடற்கரை நாட்டில் குழந்தைகளின் உடல் வீங்கிச் சாகும் நோயைச் சிசிலி வில்லியம்சு என்னும் பெண் மருத்துவர் 1933-இல் விளக்கி எழுதியிருந்தார். அதன் காரணம் புரதக்குறைவே என்று கொண்டு, ஐக்கிய நாடுகளின் அமைப்புகள் 1955-இல் புரதத்துக்கெனத் தனி ஆலோசனைக் குழுவையே அமைத்தன. உலகெங்கும் புரதமாவு செய்ய முயற்சி நடந்தது. மைசூரில் 1950-இல் தொடங்கிய மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தார், எண்ணெய் பிழிந்த நிலக்கடலை மாவு 75 பங்கும் கடலை மாவு 25 பங்கும் சேர்த்து, உயிர்ச்சத்துகளும் சுண்ணச்சத்தும் கலந்து, ‘பல்நோக்கு உணவு’ என்றொரு மாவை ஆக்கினர். அதில் ஏறத்தாழ 100க்கு 40 பங்கு புரதம் இருந்தது. அம்மாவு நம் செக்குக்கடைப் பிண்ணாக்குக்கும் பொரிகடலைக்கும் நெருங்கிய உறவு என்பதை எண்ணுக.

ஆயின் நேர்ந்தது யாது? 1960-இல் இங்கிலாந்தில் வான்கோழிகள் இலக்கக் கணக்கில் மாண்டன. பிரேசிலிலிருந்து வந்த நிலக்கடலைப் பிண்ணாக்கில் பூத்த ஒருவகைப் பூஞ்சணத்தின் நஞ்சே காரணம் எனத் தெரிந்தது. நிலக்கடலை மாவின்மேல் உலகுக்கு ஐயம் விழுந்தது. அதனினும் பெரிய திருப்பம் ஒன்று ஐதராபாத்திலிருந்து வந்தது. நம் நாட்டு மருத்துவ அறிஞர் கோபாலன், வீங்கிய குழந்தைகளும் மெலிந்து எலும்பாய்ப்போன குழந்தைகளும் உண்ட உணவில் வேற்றுமை இல்லை என்று காட்டினார். அவர்கட்கு முதற்கண் இல்லாதது வயிறு நிறையச் சோறு. சோறு போதாதவிடத்து, உடல் புரதத்தையே விறகாக எரித்துவிடும். 1974-இல் மெக்லாரன் என்பார் இலண்டன் மருத்துவ இதழொன்றில், இருபது ஆண்டுப் புரதக் கூக்குரலைப் பெருந்தோல்வி என்றே தலைப்பிட்டு எழுதினார். தூளை நம்பி உணவை மறந்த பிழையை அறிவுடையோர் பேரவைகளே செய்தன எனின், பதினேழு வயதுத் தம்பியை நோவது எங்ஙனம்?

தமிழ்நாட்டில் நடந்தது வேறு. 1956-இல் காமராசர் தொடங்கிய பள்ளி மதிய உணவு, 1982 சூலை முதல் நாள் எம்.ஜி.இராமச்சந்திரனால் சத்துணவுத் திட்டமாக விரிந்தது. 1984-இல் அவர் அமெரிக்க மருத்துவமனையிற் படுத்திருந்தபடியே வென்ற தொகுதி எங்கள் ஆண்டிபட்டி என்பதை வெளியூர் அன்பர்கட்கு நினைவூட்டுவதில் எனக்குச் சிறிது பெருமை உண்டு. அத்திட்டம் தட்டில் வைத்தது சோறு, பருப்பு, பயறு. பின்னர் முட்டையும் சேர்ந்தது. அங்கன்வாடியிற் சிறு பிள்ளைகட்குத் தரும் சத்துமாவும் தூளே. எனினும் அது தானியமும் கடலையும் வெல்லமும் சேர்ந்த உணவு. அதிற் சேர்க்கும் முளைகட்டிய கேழ்வரகு ஒரு நுட்பம் உடையது. முளையில் தோன்றும் நொதி கஞ்சியைக் குழைத்து நீர்க்கச் செய்யும். ஆதலாற் சிறு வயிற்றுக்கும் அதிக மாவு செல்லும்.

இனி, தூள் வாங்கியே தீரவேண்டும் என்பார்க்குச் சில செய்திகள். டப்பாவின் முகப்பில் உள்ள பெரிய எழுத்துகளை விடுத்து, முதுகில் உள்ள சிறிய எழுத்துகளைப் படிக்க. 100 கிராமில் எத்தனை கிராம் புரதம் என்று பார்க்க. செறிவாக்கிய பால்தெளிவுத் தூளாயின் 70 முதல் 80 வரை இருக்கும், மேலும் தூய்மை செய்ததாயின் 90ஐ எட்டும். நோயாளிகட்கும் கருவுற்ற பெண்டிர்க்கும் எனக் கடைகளில் விற்கும் சில தூள்களில் 30, 35 கிராமே புரதம். எஞ்சியவற்றுட் பெரும்பங்கு சர்க்கரையும் மாவுப்பொருளும். சேர்பொருள்களை எடையின் வரிசையிலேயே அச்சிட வேண்டும் என்பது சட்டம். ஆதலின் சர்க்கரை முதலிடத்தில் நின்றால் அது சர்க்கரைத் தூள் என்க. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண் உளதா எனவும் நோக்குக.

எனினும் அச்சிட்டதெல்லாம் மெய் எனக் கொள்ளற்க. 2024-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், கேரளத்து மருத்துவர் முதலானோர் இந்தியச் சந்தையில் விற்கும் 36 புரதத்தூள்களைச் சோதித்தனர். அவற்றுள் ஏறத்தாழ 100க்கு 70 பங்கில் புரத அளவு பிழைபட அச்சிடப்பட்டிருந்தது. சிலவற்றில் சொன்னதிற் பாதியே இருந்தது. சிலவற்றிற் பூஞ்சண நஞ்சும் காணப்பட்டது. இப்பொய் எங்ஙனம் நுழைகின்றது? டென்மார்க்கு நாட்டுக் கெல்டால் 1883-இற் கண்ட முறையில், புரதத்தை நேரே அளப்பதில்லை. அதிலுள்ள நைட்ரசனை அளந்து பெருக்கிக் கொள்வர். ஆகவே நைட்ரசன் மிக்க மலிவான பொருளைக் கலந்தால் சோதனை ஏமாறும். 2008-இற் சீனத்தில் பாலில் மெலமைன் கலந்த கொடுமையில் மூன்று இலட்சம் குழந்தைகள் நோயுற்றதற்கு இத்தந்திரமே அடிப்படை.

தூள் யாருக்கு வேண்டும்? மென்று தின்ன இயலாத முதியோர், தீக்காயம் பட்டோர், பெரிய அறுவைக்குப் பின் தேறுவோர், நோயால் எடை இழந்தோர் ஆகியோர்க்கு மருத்துவர் சொற்படி அது உற்ற துணை. சிறுநீரகம் பழுதுற்றார் செய்தி வேறு. இரத்தச் சுத்திகரிப்புக்குச் செல்வார்க்குப் புரதம் மிகுதியாய் வேண்டும். அந்நிலையை எட்டாது தளர்ந்த சிறுநீரகத்தோடு இருப்பார்க்குக் குறைக்க வேண்டும். இவ்வேற்றுமையை யான் நூலில் மட்டும் படித்திலேன். என் அப்பத்தாவுக்கு நீரிழிவும் சிறுநீரகத் தளர்ச்சியும் இருந்தன. நோயாளியைப் பார்க்க வருவோர் முன்னாளில் ஆரஞ்சும் ரொட்டியும் கொணர்வர். இந்நாளில் சத்துத்தூள் டப்பா கொணர்கின்றனர். அன்பினாற் கொணர்ந்த அந்த டப்பாக்களை அம்மா இரண்டு மாத காலம் நாள்தோறும் இருவேளை பாலிற் கலக்கிக் கொடுத்தார்கள். பின்னர் குருதிச் சோதனையைக் கண்ட மருத்துவர், என்ன கொடுக்கிறீர்கள் என்று வினவி, உடனே நிறுத்தச் சொன்னார். அடுத்த ஆண்டு அப்பத்தா மறைந்தார்கள். அத்தூளே காரணம் என்று மருத்துவர் கூறவில்லை, யானும் கூறேன். ஆயினும் கரிய டப்பாவைக் கண்டபோது அம்மா அவ்வினாவை ஏன் கேட்டார்கள் என்பது எனக்கு மட்டும் விளங்கிற்று.

மீண்டும் தம்பியிடம் வருவோம். அவன் செய்தது வீண்செலவு என்று கணக்கிட்டுக் காட்டிவிடலாம் என்றெண்ணித் தாளும் எழுதுகோலுமாய் அமர்ந்தேன். டப்பாவின் விலைப்படி 10 கிராம் புரதத்துக்கு 35 ரூபாய் ஆகிறது. கிலோ 120 ரூபாய்க்கு வாங்கிய பொரிகடலையில் 220 கிராம் புரதம். 10 கிராமுக்கு ஐந்தரை ரூபாய். கடலைப் புரதம் பாற்புரதம்போல் முழுதும் பயன்படாது. மூன்றிலொரு பங்கைக் கழித்தாலும் எட்டேகால் ரூபாய்க்கு மேற் போகாது. ஏழு ரூபாய் முட்டையில் ஆறு கிராம். வெற்றி எனதே என்று மகிழ்ந்தேன்.

பின்னர் அவன் நாள் முழுதும் உண்பதைக் கணக்கிட்டேன். அரிசி 400 கிராம் என்று கொண்டால் 30 கிராம் புரதம். குழம்பிலும் சாம்பாரிலும் அவன் பங்குக்கு வரும் பருப்பு 25 கிராமினும் மிகாது, அதில் ஐந்தரை. தேநீரிற் சேரும் பாலில் மூன்று. ஆகத் தொகை 40ஐயும் எட்டவில்லை! பயிற்சி செய்யாதவனுக்கே 50 வேண்டும். தம்பி வாங்கிய பொருள் பிழையாயிருக்கலாம். தனக்கு ஏதோ போதவில்லை என்று அவன் உடல் சொல்லியது பிழையன்று. அடுத்து அம்மாவின் கணக்கைப் போட்டேன். எல்லோரும் உண்டபின் அடியில் நின்ற இரசமும் சோறும் ஊறுகாயுமே பலநாள் அவர்கள் உணவு. அத்தொகையை ஈண்டு எழுத எனக்கு மனமில்லை.

எங்கள் ஊர் கணவாய்க்கு இப்பால் மழை மறைவில் உள்ள மானாவாரி நிலம். வைகை அணை 1959 முதல் அருகே நிற்பினும், மேட்டு நிலங்கள் வானம் பார்த்தவையே. கம்பம் பள்ளத்தாக்கைப்போல் இருபோகம் நெல் விளையும் செழிப்பு இங்கில்லை. முன்னோர் சோளமும் கம்பும் சாமையும் விளைத்து, ஊடே தட்டைப்பயறும் மொச்சையும் கொள்ளும் இட்டனர். தானியப் புரதத்தில் லைசின் என்னும் மணி குறைவு. பயற்றில் மெதியோனின் குறைவு. இரண்டும் ஒரு தட்டிற் கூடினால் ஒன்றன் குறையை மற்றொன்று நிரப்பும். அவர்கட்கு இப்பெயர்கள் தெரியா. கம்பஞ்சோற்றுக்கு மொச்சைக்குழம்பு பொருந்தும் என்பது தெரியும். இந்நாளில் நியாயவிலைக் கடை அரிசி வந்து பசி தீர்ந்தது. அது பெரிய நன்மை. ஆயின் பயறு தட்டிலிருந்து மெல்ல நழுவிவிட்டது.

கலந்து பேசி எங்கள் வீட்டில் ஓர் ஏற்பாடு செய்தோம். பொரிகடலை இரண்டு பங்கு, வறுத்துத் தோல் நீக்கிய நிலக்கடலை ஒரு பங்கு, வறுத்த கம்பு ஒரு பங்கு. மாவு மில்லில் கொடுத்து நைசாய் அரைத்துக் கொண்டோம். நிலக்கடலையில் சுருங்கியதும் கறுத்ததும் பூசணம் பிடித்ததும் ஒன்றுகூட இராமற் பொறுக்கி எறிய வேண்டும், வான்கோழிகளை மறவற்க. பயறுகளைப் பச்சையாய் அரைத்தலும் ஆகாது. செரிமானத்தைத் தடுக்கும் சில பொருள்கள் சூட்டினாலேயே அழிவன. நிலக்கடலையின் எண்ணெயால் மாவு விரைவிற் சிக்கடிக்கும். இரண்டு வாரத்துக்கு மேற்படாத அளவே அரைத்தல் நலம். 50 கிராம் மாவிற் பத்துக் கிராம் புரதம் உண்டு. மோரில் உப்பிட்டுக் கரைக்கலாம், வெல்லமிட்டு உருட்டலாம். தம்பிக்கு இதனோடு இரண்டு முட்டை, ஒரு தம்ளர் பால், குழம்பில் இரட்டிப்புப் பருப்பு. கூட்டிப் பார்த்தேன், 70 கிராமைத் தாண்டுகிறது. தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில் உடல் பெருக்கப் புரதத்தூளைத் தவிர்க்கச் சொல்லியிருப்பதையும் அவனுக்குப் படித்துக் காட்டினேன்.

அவன் உடனே இசைந்தான் என்று எழுதினால் பொய்யாகும். மாவு நாவில் ஒட்டுகிறது என்றான். டப்பாத்தூளில் சாக்லேட்டு மணம் உண்டு என்றான். வாங்கியதை எறிதல் கூடாதென்று, எஞ்சிய தூளை நாளுக்கு ஒரு கரண்டியாய்த் தீர்த்தான். அதன்பின் இன்னொன்று வாங்கவில்லை. கரிய டப்பா இப்போதும் அம்மாடத்திலேயே உள்ளது. உள்ளே எங்கள் மாவு.

முட்டைக்கும் பருப்புக்கும் மாதம் கூடுதலாய் ஆகும் செலவு சிறிதன்று. தந்தையார் அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை. இரவில் எல்லோரும் ஒன்றாய் அமர்ந்து உண்ண வேண்டும் என்பதைத் தம்பிதான் வற்புறுத்தி நடத்துகிறான். விடுதியிலிருந்து யான் தொலைபேசியில் அழைக்கும்போதெல்லாம், அம்மா முட்டை சாப்பிட்டார்களா என்று அவனைக் கேட்பேன். “பாதியை எனக்கு எடுத்து வைக்கிறாங்கண்ணே, நான் திருப்பி வைக்கிறேன்” என்பான்.